ஸ்விஃப்ட் ரன் கேப் முதல் பிக் மெடோஸ் வரை: வீட்டார் பார்க்க வரும் நாள்

அமெரிக்காவின் கிழக்குப் பகுதி மலைகள் வழியே போகும் நீண்ட நடைபாதையான அப்பலாச்சியன் ட்ரெயிலை ஜார்ஜியாவில் தொடங்கி வடக்கே நடப்பவர்கள் வர்ஜீனியாவின் ஷெனண்டோவா தேசியப் பூங்காவுக்கு வந்து சேரும்போது பெரும்பாலும் மே கடைசி அல்லது ஜூன் ஆகியிருக்கும். அதற்குள் ஏறக்குறைய 1,400 கிலோமீட்டர் நடந்திருப்பார்கள். வீட்டிலிருந்து யாராவது பார்க்க வருவதானால் இந்த 3,500 கிலோமீட்டர் பாதையில் இதைவிடத் தோதான இடம் குறைவு. பூங்காவின் முதுகெலும்பாக ஓடும் ஸ்கைலைன் டிரைவ் என்ற 105 மைல் சாலையைப் பாதை திரும்பத் திரும்பக் குறுக்கே கடக்கிறது. வாஷிங்டன் டல்லஸ் விமான நிலையத்தில் கார் எடுத்தால் சுமார் இரண்டு மணி நேரத்தில் பூங்காவின் நடுவே உள்ள பிக் மெடோஸ்.

சாலை பக்கத்திலேயே இருக்கிறதே என்று “கிட்ட வந்ததும் போன் பண்றேன்” என்று சொல்லிவிட்டுப் போனால்தான் சிக்கல். மலைமேல் பல இடங்களில் சிக்னல் கிடையாது. சந்திக்கும் இடத்தையும் நேரத்தையும் முதல் நாளே முடிவு செய்துவிட வேண்டும். நேரம் என்றால் ஒரே மணி அல்ல, மூன்றிலிருந்து ஐந்துக்குள் என்பதுபோல ஓர் இடைவெளி. இடம் என்றால் துல்லியமாக ஒரே இடம். “பிக் மெடோஸ்” என்று மட்டும் சொன்னால் போதாது. அங்கே லாட்ஜ், முகாம் மைதானம், சாலையோரக் கடையான வேசைட், பார்வையாளர் மையம் எல்லாம் தனித்தனியாக இருக்கின்றன. லாட்ஜுக்கும் வேசைடுக்கும் இடையே ஏறக்குறைய ஒரு மைல். இவர் அங்கேயும் அவர் இங்கேயும் ஒரு மணி நேரம் காத்திருப்பது சர்வ சாதாரணம். என்னைக் கேட்டால் லாட்ஜ்தான். உட்கார இடம் இருக்கிறது, மழைக்கு ஒதுங்கலாம், மேற்கே பள்ளத்தாக்கு முழுதும் தெரியும்.

இன்னொரு குழப்பம் சாலையின் மைல் கற்கள். எண்கள் வடக்கே ஃப்ரண்ட் ராயலில் பூஜ்யத்தில் தொடங்கித் தெற்கே போகப்போக ஏறும். நடப்பவரோ தெற்கிலிருந்து வருகிறார்; அவருடைய கையேட்டில் மைல் கணக்கு வடக்கே ஏறும். அதனால் காரில் வருபவரிடம் ட்ரெயில் மைலைச் சொல்லவே கூடாது, சாலைக் கல்லின் எண்ணை மட்டும் சொல்லுங்கள். வேசைட் 51.2, மைலம் கேப் 52.8, லூயிஸ் மவுண்டன் 57.5, ஸ்விஃப்ட் ரன் கேப் 65.5 (கேப் என்றால் கணவாய்). கற்கள் சாலையின் மேற்குப் புறம் நிற்கும். வேக வரம்பு மணிக்கு 35 மைல்தான், மான் குறுக்கே பாயும் என்பதால் அதற்கும் கீழே போவது நல்லது. கூகுள் காட்டும் நேரத்தோடு அரை மணி கூட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். சாலையில் பெட்ரோல் பங்க் பிக் மெடோஸில் மட்டும்தான்.

இனி நடை. ஸ்விஃப்ட் ரன் கேப்பிலிருந்து பிக் மெடோஸுக்குப் பாதை வழியே 25 கிலோமீட்டருக்கு மேல். இந்நேரத்துக்குக் காலும் நுரையீரலும் பழகியிருக்கும், சராசரியாக மணிக்கு 3.5 கிலோமீட்டர் வரும். காலை ஆறரைக்குக் கிளம்பினால் நிதானமாக மூன்றரைக்குள் சேரலாம். கேப் 720 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, வழியில் வரும் ஹேசல்டாப் மலை 1,160. ஏற்றம் செங்குத்து அல்ல, நீண்டு இழுக்கும். ஜூன் மாத இடிமழை பெரும்பாலும் பிற்பகலில் வரும். மதியத்துக்குள் பாதிக்கு மேல் முடித்துவிட வேண்டும் என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

லூயிஸ் மவுண்டன் முகாமில் தண்ணீர் நிரப்பிக்கொள்ளுங்கள். இனப்பிரிவினைக் காலத்தில் கறுப்பின மக்களுக்கென ஒதுக்கப்பட்டிருந்த முகாம் இது. அடுத்து பேர்ஃபென்ஸ் என்ற பாறை மலை. பாறையில் கை ஊன்றி ஏறும் வழிக்கு நீலக் கோடு, ட்ரெயிலுக்கு வெள்ளைக் கோடு. முழு மூட்டையோடு நீலத்தில் ஏறி முழங்காலைச் சிராய்த்துக்கொள்ள இது நாள் அல்ல.

வருபவர் கொஞ்சம் சேர்ந்து நடக்க ஆசைப்பட்டால் மைலம் கேப்பில் காரை நிறுத்தி அங்கேயே காத்திருக்கட்டும். எதிர்கொண்டு நடந்து வந்தால், நீங்கள் தண்ணீருக்கோ வேறு எதற்கோ ஒதுங்கிய ஐந்து நிமிடத்தில் ஒருவரையொருவர் தவறவிட வாய்ப்பு உண்டு. அங்கிருந்து பிக் மெடோஸ் வரை பெரிய ஏற்றம் இல்லை, பழக்கமில்லாதவரும் நடக்கலாம். மைலம் கேப்பில் பழைய தோட்டத்து ஆப்பிள் மரங்கள் இன்னும் நிற்கின்றன. டானர்ஸ் ரிட்ஜ் சாலையைக் கடக்கும் இடத்தில் ஒரு சிறிய கல்லறைத் தோட்டம். 1935இல் பூங்கா அமைவதற்காக வெளியேற்றப்பட்ட மலைக் குடும்பங்கள் வாழ்ந்த நிலம் இது. வருபவரோடு நடந்தால் வேகம் பாதியாகிவிடும், அதையும் கணக்கில் வையுங்கள். இரண்டு பேர் வந்தால் ஒருவர் காரை முன்னால் கொண்டுபோய்விடலாம். ஒருவர்தான் என்றால் மறுபடி காருக்கு வர வேண்டும். வேசைடிலிருந்தே சாலை வழியே ஒன்றரை மைலுக்கு மேல் நடை.

என்ன கொண்டு வருவது? இனிப்பு வேண்டாம், நடப்பவர் அதை மாதக்கணக்கில் தின்றிருப்பார். பழம், வெள்ளரி, தக்காளி, உப்பும் புளிப்பும் உள்ள சாப்பாடு. புளியோதரை வெயிலைத் தாங்கும். தயிர்சாதம் ஐஸ் பெட்டி இல்லாமல் காரில் புளித்துவிடும். மிச்சத்தை வெளியே வைக்கக் கூடாது, கரடி வரும். மூடிய காருக்குள்ளோ முகாமின் இரும்புப் பெட்டியிலோ போட்டுப் பூட்டுங்கள். காலணி கேட்டிருந்தால் பழைய அளவைவிட அரை அல்லது ஓர் அளவு பெரிதாக வாங்கி வரட்டும். இத்தனை தூரத்தில் பாதம் அகன்றிருக்கும், பழைய எண்ணில் வாங்கினால் கட்டைவிரல் நகம் கறுக்கும். கார் இருக்கையில் விரிக்க ஒரு பழைய பெட்ஷீட்டும் வேண்டும். நாற்றம் நடப்பவருக்குத் தெரியாது, வருபவருக்குக் கதவைத் திறந்ததுமே தெரியும். முகாமில் காசு கொடுத்துக் குளிக்கவும் துணி துவைக்கவும் வசதி உண்டு. முதலில் அங்கே போய்விட்டு, முழங்காலுக்குப் பின்னும் இடுப்பிலும் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு சாப்பிட உட்காரலாம்.

அறை வேண்டுமென்றால் லாட்ஜில் வெகு முன்பே பதிவு செய்ய வேண்டும், கோடை வார இறுதிகள் சீக்கிரம் நிரம்பிவிடும். மறுநாள் காலை உணவு முடிந்ததும் பிரிவதாக முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். “மதியம் வரை இரு” என்று இழுத்தால் அது சாயங்காலமாகும், பிறகு இன்னொரு நாளாகும். அப்படியே காரில் ஏறி வீட்டுக்குப் போனவர்களும் உண்டு. தேய்ந்த காலணி, கனமான தூக்கப்பை, குளிர் உடை எல்லாவற்றையும் காரிலேயே அனுப்பிவிடலாம். குளிர் உடையை மட்டும் தனிப் பெட்டியில் போட்டு மேலே “ஹானோவர், நியூ ஹாம்ப்ஷையர்” என்று எழுதி வையுங்கள். வடக்கே ஒயிட் மவுண்டன்ஸ் மலைத்தொடரில் ஏறும் முன் அது தபாலில் வந்து காத்திருக்க வேண்டும்.