எருக்கம்பஞ்சு போன யுத்தம்

பாம்பன் வத்தைகளில், அதாவது மீன்பிடிக்கிற நாட்டுப்படகுகளில், லைஃப் ஜாக்கெட் என்பது தலைக்கு வைத்துப் படுக்கிற சாமான். "இதை மாட்டிக்கிட்டு வலை இழுக்க முடியுமா மச்சான்?" என்று பயல்கள் கேட்பதும் நியாயம்தான். அதற்குள் என்ன அடைத்திருக்கிறார்கள் என்று தேடப் போய்த்தான் இந்த அமெரிக்கக் கதை அகப்பட்டது.

இப்போது உள்ளே இருப்பது ஃபோம். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இலவம்பஞ்சு. அமெரிக்காவுக்கு அது பெரும்பாலும் ஜாவாவிலிருந்து போனது. 1942 மார்ச்சில் ஜப்பான் ஜாவாவைப் பிடித்ததும் வரத்து நின்றுபோனது. அப்போது சிகாகோ டாக்டர் போரிஸ் பெர்க்மன் கைகாட்டியது மில்க்வீட் என்ற களைச்செடியை. நம்ம எருக்குக்குச் சொந்தக்காரச் செடி. கிள்ளினால் பால் வடியும், காய் வெடித்தால் பஞ்சு பறக்கும். அந்த இழைக்கு உள்ளே வெறும் காற்று, வெளியே மெழுகு, தண்ணீர் ஏறாது.

மிச்சிகன் ஏரிக்கரையில் பெட்டோஸ்கி என்ற சின்ன நகரத்தில் ஆலை வைத்தார்கள். சரி, காய் பறிக்க ஆள்? ஆண்கள் போர்முனையில், மற்றவர்கள் ஆயுதத் தொழிற்சாலையில். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இறங்கினார்கள். வெங்காயச் சாக்கில் நிரப்பி வேலியில் தொங்கவிட்டுக் காயவைத்தார்கள். 'இரண்டு சாக்கு, ஓர் உயிர்' என்பது கோஷம். வீட்டில் சர்க்கரைக்குக் கூப்பன். கொஞ்ச காலம் காப்பித்தூளும் ஐந்து வாரத்துக்கு ஒரு பவுண்டுதான். எங்கள் அப்பத்தாவாக இருந்தால் அரசாங்கத்தையே கவிழ்த்திருக்கும்.

அதே யுத்தத்தில் ராமேஸ்வரத்துப் பிள்ளைகள் புளியங்கொட்டை பொறுக்கினார்கள். அப்துல் கலாமும் பொறுக்கிக் கடையில் போட்டிருக்கிறார், நாளுக்கு ஓரணா. ரயில் ராமேஸ்வரத்தில் நிற்காமல் போனபோது, ஓடும் வண்டியிலிருந்து வீசிய பத்திரிகைக் கட்டுகளைப் பிடித்துக் கொடுத்ததும் அவர்தான். ஆனால் புளியங்கொட்டைக்கு ஏன் திடீர் கிராக்கி என்று தனக்குக் கடைசிவரை விளங்கவில்லை என்றே எழுதினார்.

எனக்கு உறுத்துவது அதுதான். பெட்டோஸ்கிப் பிள்ளைக்குத் தன் சாக்கு யார் நெஞ்சில் ஏறப்போகிறது என்று சொல்லி அனுப்பினார்கள். இங்கே அரசாங்கம் வெள்ளைக்காரனுடையது, யுத்தமும் அவனுடையது. புளியங்கொட்டை மாவு நெசவில் நூலுக்குக் கஞ்சி போட ஆகும் என்பதே எனக்கு இப்போது தேடிப் படித்ததில்தான் தெரியும். பொறுக்கிய பிள்ளைகளுக்கு ஓரணாவோடு அதையும் ஒரு வரி சொல்லியிருக்கலாம்.