900 கிராம் புளியங்கொட்டை

என் மகனுக்கு ஆறு வயது. ஆட்டிசம் இருக்கிறது. தட்டின் முன்னால் இரண்டு நிமிடம் உட்கார மாட்டான். எழுந்து போய்ச் சுவரில் முதுகை மோதுவான். சேட்டை என்றே நினைத்து எத்தனையோ முறை அதட்டியிருக்கிறேன். தசையிலும் மூட்டிலும் அழுத்தம் பட்டால்தான் அவன் உடம்பு அமைதியாகிறது, அதைத்தான் சுவரில் தேடுகிறான் என்று அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் சொன்ன அன்று வீட்டுக்கு வந்து அழுதேன்.

மடியில் வைக்கக் கனமான பை ஒன்று தைத்துப் பாருங்கள் என்றார். எல்லாக் குழந்தைக்கும் ஒத்துவராது, அவனாகவே தள்ளிவிட முடிகிற எடையாக இருக்கணும், தூங்கும்போது வைக்கவே கூடாது என்றும் சொன்னார். உடல் எடையில் 5 சதவீதம் என்று கணக்கு. அவன் 18 கிலோ. அப்படியானால் 900 கிராம்.

உள்ளே போட வீட்டில் புளியங்கொட்டை நிறைய இருந்தது. அத்தை ஒரு டப்பா குன்றிமணி எடுத்து வந்தார். "இதைப் போடும்மா, பாக்கவும் அழகா இருக்கும்." குன்றிமணி விஷம், இவனோ எதையும் வாயில் வைக்கிறவன். வேண்டாம் அத்தை என்று காரணத்தைச் சொன்னதும், டப்பாவையே தூக்கிப் பரண்மேல் வைத்துவிட்டார்.

முதல் பை உதவவில்லை. கொட்டையெல்லாம் ஒரு பக்கமாகச் சரிந்து, பை மடியிலிருந்து நழுவியது. பிரித்து, குறுக்கும் நெடுக்கும் தையல் ஓட்டி ஒன்பது அறையாக்கி, அறைக்கு 100 கிராம் போட்டேன். தையல் விட்டால் கொட்டை நேரே வாய்க்குப் போகும் என்பதால் எல்லாமே இரட்டைத் தையல். கொட்டை நனைந்தால் ஊறிவிடும். அதனால் துவைக்க வசதியாக, அப்பாவின் பழைய வேட்டியில் தனியாக ஒரு மேலுறை.

உறையின் வாய்க்கு வெல்க்ரோ வைத்தேன். பர்ரென்று பிரித்த சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு ஓடியவன், அன்று முழுக்கப் பையின் பக்கமே வரவில்லை. அதைப் பிய்த்துவிட்டு, தலையணை உறை போல உள்ளே மடித்துவிடுகிற மாதிரி தைத்தேன்.

நான்காவது நாள் பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு தோசையை முழுதாகச் சாப்பிட்டான். இடது கைக் கட்டைவிரல் மட்டும் வேட்டியின் கரையைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. அதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அப்புறம் பள்ளிக்கென்று இன்னொன்று தைத்தேன். அதே எடை, அதே ஒன்பது அறை, புது வெள்ளைத் துணி. ஓரத்தைத் தடவிப் பார்த்தான், தள்ளிவிட்டான். மறுபடி தடவினான், மறுபடி தள்ளினான். அப்போதுதான் அந்த விரல் ஞாபகம் வந்தது. வேட்டியில் மிச்சமிருந்த கரையை வெட்டி, இடது கைக்கு எட்டும் ஓரத்தில் வைத்துத் தைத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான்.