ஈரான் பக்கம்: ஜூன், ஜூலை 2025

ஜூன் 13, வெள்ளி

விடியற்காலையிலேயே மைனி வந்து எழுப்பினார். டிவியில் தெஹ்ரான், இஸ்ரேல் குண்டு போட்டிருக்கிறது. ஈரானில் மீன்பிடி வேலைக்குப் போன அண்ணன் இருப்பது தெற்கே, கடலோரம், தெஹ்ரானிலிருந்து ரொம்ப தூரம் என்று அம்மைக்கு மேப்பைக் காட்டினேன். எவ்வளவு தூரம், எவ்வளவு தூரம் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

ஜூன் 14

வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக்.

ஜூன் 15, ஞாயிறு

பூசையில் மனது நிற்கவில்லை. ராத்திரி தூக்கமும் இல்லை. ஈரானில் கால்பந்துப் பயிற்சியாளராக இருக்கிற ஸ்கோசிச் இப்போது எங்கே இருப்பார் என்று போனில் தேடிக்கொண்டிருந்தேன். லீக் மே மாதமே முடிந்துவிட்டது, ஊருக்குப் போயிருப்பார், குரோவேஷியாவில் ரியேகா அவருடைய ஊர். போயிருக்கட்டும்.

இந்த மனிதரைப் பற்றி நானும் அண்ணனும் எவ்வளவு பேசியிருப்போம். 2013-இல் ஈரானுக்கு வந்து முதலில் வேலை பார்த்தது காஸ்பியன் கரையில், பந்தர் அன்சாலியில், மலவான் கிளப்பில். அப்புறம் அஹ்வாஸில் ஃபூலாத். அப்புறம் அபாதானில் சனத் நஃப்த், எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை இருக்கிற ஊர், கோடையில் 45 டிகிரி தாண்டும். தெஹ்ரானின் இரண்டு பெரிய கிளப்களான பெர்செபொலிஸிலும் எஸ்தெக்லாலிலும் அவர் வேலை பார்த்ததே இல்லை. தேசிய அணிக்கு அவர் வந்ததே வேறு யாரோ கெடுத்துவிட்டுப் போனதால்தான். 2019-இல் பெரிய பெயர் என்று பெல்ஜியத்துக்காரர் மார்க் வில்மோட்ஸைக் கொண்டுவந்தார்கள், பஹ்ரைனிடம் தோல்வி, ஈராக்கிடம் தோல்வி, சில மாதத்தில் ஆள் போய்விட்டார். 2020 பிப்ரவரியில் ஸ்கோசிச் வந்தபோது உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் ஈரான் வெளியே போகிற நிலைமை. 2021 ஜூனில் பஹ்ரைனில் போய் உட்கார்ந்து ஹாங்காங், பஹ்ரைன், கம்போடியா, ஈராக் என்று நான்கையும் ஜெயித்தாக வேண்டும். நான்கையும் ஜெயித்தார். வந்ததிலிருந்து தொடர்ந்து பத்து ஆட்டம் வெற்றி. 2022 ஜனவரி 27, தெஹ்ரான் ஆசாதி மைதானத்தில் ஈராக்குடன் 1-0, தாரெமி கோல், கத்தார் உலகக் கோப்பைக்கு டிக்கெட்.

அப்புறம் என்ன செய்தார்கள்? ஜூலையில் நீக்கினார்கள், ஒரு வாரத்துக்குள் திரும்ப எடுத்தார்கள், செப்டம்பரில் மறுபடி நீக்கினார்கள். 18 ஆட்டத்தில் 15 வெற்றி. எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

ஜூன் 16

டிக் ஒற்றைதான்.

ஜூன் 17

தாரெமி தெஹ்ரானில் மாட்டிக்கொண்டாராம். இண்டர் மிலானோடு கிளப் உலகக் கோப்பைக்கு அமெரிக்கா போயிருக்க வேண்டியவர். வான்வெளியை மூடிவிட்டார்கள். அவ்வளவு பெரிய ஆளுக்கே விமானம் இல்லை என்று மைனி சொன்னதும் அம்மை எழுந்து உள்ளே போய்விட்டாள். அந்தச் செய்தியை நான் சத்தமாகப் படித்திருக்கக் கூடாது என்று அப்பா என்னிடம் சண்டை.

ஜூன் 19, வியாழன்

அண்ணன் பேசினான்! அவன் வேலை பார்க்கிற மீன்பிடி லாஞ்சு கரையில்தான் கிடக்கிறது, யாரும் கடலுக்குப் போகவில்லை, சோறு இருக்கிறது, நெட்தான் இல்லை. முதலாளி நான்கு மாதப் பங்கை, அதுதான் சம்பளம், தரவில்லை, அது வராமல் கிளம்ப மாட்டேன் என்கிறான். அம்மை போனைப் பிடுங்கி, பணம் கிடக்கட்டும் மக்களே, நீ வா என்று அழுதாள். லைன் போய்விட்டது.

சம்பளம் தராத கதையை அங்கே யாரிடம் போய்ச் சொல்வது? இத்தாலியப் பயிற்சியாளர் ஸ்ட்ராமச்சோனி எஸ்தெக்லாலை விட்டுப் போனது அதனால்தான், 2019 டிசம்பரில், அணி நன்றாக ஆடிக்கொண்டிருந்த நேரத்தில். அவரைத் திரும்பக் கொண்டுவா என்று ரசிகர்கள் தெருவில் நின்றார்கள். இந்த வருடம் ஜனவரியில் தென்னாப்பிரிக்காக்காரர் பிட்சோ மோசிமானே, அதே கிளப், அதே காரணம். வில்மோட்ஸ் வழக்கு ஃபிஃபா வரைக்கும் போய், கொடுக்க வேண்டிய தொகை 60 லட்சம் யூரோவுக்கு மேல் என்று தீர்ப்பானது. இவர்களுக்காவது ஃபிஃபா இருக்கிறது. பணமே இல்லை என்றும் சொல்ல முடியாது. தடைகளால் வங்கி வழியாக வெளியே அனுப்ப முடிவதில்லை, ரியால் நாளுக்கு நாள் விழுகிறது, யூரோவில் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் போகப் போகப் பெரிய சுமையாகிவிடுகிறது. பெர்செபொலிஸும் எஸ்தெக்லாலும் போன வருடம் வரை விளையாட்டு அமைச்சகத்தின் கையில்தான் இருந்தன. அமைச்சர் மாறினால் நிர்வாகம் மாறும், நிர்வாகம் மாறினால் பழைய பாக்கிக்கு யாரும் பொறுப்பில்லை.

இதெல்லாம் தெரிந்தும் வெளிநாட்டுப் பயிற்சியாளர்கள் போகிறார்கள். போய் வருடக்கணக்கில் இருக்கிறார்கள்.

ஜூன் 22

இப்போது அமெரிக்காவும் குண்டு போட்டுவிட்டது. எழுதப் பிடிக்கவில்லை.

ஜூன் 24

போர் நிறுத்தமாம். அப்பா டிவியை அணைக்க விடவில்லை.

ஜூன் 27, வெள்ளி

இரட்டை டிக். நீலம் ஆகவில்லை.

குரோவேஷியப் பயிற்சியாளர் பிராங்கோவை நினைத்துக்கொண்டே இருந்தேன். அண்ணனின் கடவுள் அவர். லாஞ்சில் எல்லோரும் பெர்செபொலிஸ், அதனால் இவனும் பெர்செபொலிஸ். பிராங்கோ இவான்கோவிச் 2001-இல் அப்போதைய தேசிய அணிப் பயிற்சியாளர் பிளாசெவிச்சுக்கு உதவியாளராக வந்தவர், 2002-இல் பூசான் ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கிக் கொடுத்து, 2006 உலகக் கோப்பைக்கும் தேசிய அணியைக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஒரு வெற்றியும் இல்லாமல் திரும்பியதும் எல்லாப் பழியும் அவர் தலையில். அப்படிப் போன மனிதர் 2015-இல் பெர்செபொலிஸுக்குத் திரும்பி வருகிறார். முதல் முழு சீசனில் கோல் வித்தியாசத்தில் பட்டம் போனது. அடுத்த மூன்று சீசனும் பட்டம், தொடர்ந்து மூன்று. ரசிகர்கள் புரொஃபசர் என்றார்கள். 2018-இல் புதிய வீரர்களைப் பதிவு செய்யக் கூடாது என்று ஃபிஃபா தடை போட்டிருந்தது, பெஞ்சில் ஆளே இல்லை, அந்த அணியை வைத்துக்கொண்டு ஆசிய சாம்பியன்ஸ் லீக் இறுதிக்குப் போனார். ஜப்பானின் காஷிமாவிடம் அங்கே 0-2, ஆசாதியில் 0-0. அந்த ராத்திரி அண்ணன் போன் பண்ணி, தோற்றாலும் யாரும் எழுந்து போகவில்லை, எல்லோரும் பாடுகிறார்கள், டிவியில் பார்த்தேன் என்றான். குரல் அடைத்திருந்தது. நம்ம ஊர்ப் பங்குக் கோவில் மைதானத்தில் லெஃப்ட் பேக் ஆடியவனுக்கு இதெல்லாம் எப்படி இருந்திருக்கும்.

பணத்துக்காக மட்டும் ஒருவர் இப்படித் திரும்பி வர மாட்டார். இதை யார் மறுத்தாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஜூலை 1

2020-இல் இதே தேதியில்தான் அண்ணன் கடற்படையின் ஜலஷ்வா கப்பலில் தூத்துக்குடி வந்து இறங்கினான். கொரோனா. இனி அந்தப் பக்கமே போக மாட்டேன் என்று மைனி தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். அடுத்த வருடமே போனான்.

ஜூலை 5, சனி

பங்கில் பாதி தந்திருக்கிறார்களாம். மீதி ஆகஸ்டில். வருவதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. ஸ்கோசிச் தப்ரீஸுக்கு, அவருடைய டிராக்டர் கிளப்புக்கு, திரும்புவாரா என்று கேட்டான். அதற்கு மட்டும் அவனுக்கு நெட் தேவைப்படுகிறது! கோபத்தில் போனை வைத்துவிட்டேன்.

ஜூலை 6

தேசிய அணியின் போர்ச்சுகல் பயிற்சியாளர் கெய்ரோஸைப் பற்றியும் நியாயமாக எழுத வேண்டும். அவர் மேல் எனக்கு இருக்கிற கோபம் ஸ்கோசிச் பொருட்டுத்தான். 2011-இலிருந்து 2019 ஜனவரி வரை, ஈரானில் ஒரே நாற்காலியில் எட்டு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு, அது சாதாரணம் இல்லை. உல்சானில் கொரியாவை வென்று 2014 உலகக் கோப்பைக்குப் போனது, பெலோ ஹொரிசோன்டேயில் அர்ஜென்டினாவை 90 நிமிடம் கோல் போட விடாமல் நிறுத்தியது (91-ஆவது நிமிடத்தில் மெஸ்ஸி, வேறு யார்), 2018-இல் மொராக்கோவை வென்றது, போர்ச்சுகலுடன் 1-1. ஈரான் கால்பந்துக் கூட்டமைப்புடன் மாதம் ஒரு சண்டை. மைதானம் சரியில்லை, நட்பு ஆட்டம் கிடைக்கவில்லை, லீக் வீரர்களை விடவில்லை. எல்லாமே வீரர்களுக்காகப் போட்ட சண்டை, அதனால்தான் வீரர்கள் அவருக்காக ஓடினார்கள். ஆனால் 2022-இல் அவர் திரும்பி வந்து உட்கார்ந்தது இன்னொருவர் உழைத்து வாங்கிய டிக்கெட்டில். இங்கிலாந்திடம் 2-6. வேல்ஸை வென்றபோது நான் துள்ளிக் குதித்தேன்தான், அதையும் சொல்ல வேண்டும்.

அதற்கும் முன்னால் ராய்கோவ் இருக்கிறார். யூகோஸ்லாவியாக்காரர், 1970-இல் தாஜ் கிளப்பை ஆசிய சாம்பியன் ஆக்கியவர். அந்த தாஜ்தான் இன்றைய எஸ்தெக்லால். இன்னொரு நாள் எழுதுகிறேன்.

ஜூலை 11

அம்மைக்கு பிரஷர். மாத்திரை மாற்றினார்கள்.

ஜூலை 19, சனி

ஸ்கோசிச் டிராக்டரிலேயே தொடர்கிறார். போன சீசனில் தப்ரீஸுக்கு முதல் லீக் பட்டம் வாங்கிக் கொடுத்தாரே, 2024-25, கிளப் வரலாற்றிலேயே முதல் முறை. போர்ச்சுகல் பயிற்சியாளர் சா பின்டோ மறுபடி எஸ்தெக்லாலுக்கு வருகிறார், 2023-இல் போனவர். குண்டு விழுந்து ஒரு மாதம்தான் ஆகிறது. அண்ணனுக்கு அனுப்பினேன், உடனே நீலம். ஒரு குரல் செய்தி போட்டான், பின்னால் எஞ்சின் சத்தம். கடலுக்குப் போக ஆரம்பித்துவிட்டார்கள். மைனிக்கு இன்னும் சொல்லவில்லை.

ஜூலை 20

மைனிக்குத் தெரிந்துவிட்டது.

ஜூலை 23

ஏஜென்டைப் பார்க்க நாளை நாகர்கோவில் போகிறோம், நானும் மைனியும். மீதிப் பங்கை ஆகஸ்டில் தருவதாக எழுத்தில் வாங்க முடியுமா என்று கேட்க வேண்டும். அவன் பாஸ்போர்ட் முதலாளி கையில் இருக்கிறதா என்பதையும்.