மட்டக்களப்பிலிருந்து சென்னைக்கு உண்மையில் எவ்வளவு தூரம்?

சிகிச்சைக்காகவோ கோயில் யாத்திரைக்காகவோ சென்னைக்குப் புறப்படும் எங்கள் ஊர்க் குடும்பங்கள் முதலில் விசாரிப்பது, கொழும்புக்கு அருகிலுள்ள கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து எவ்வளவு நேரம் பறக்க வேண்டும் என்பதைத்தான். இரு விமான நிலையங்களுக்கும் இடையே நேர்கோட்டில் ஏறத்தாழ 645 கிலோமீற்றர். பயணச்சீட்டில் ஒன்றரை மணித்தியாலமளவு குறிக்கப்பட்டிருக்கும். விமானம் தரிப்பிடத்தை விட்டு நகரத் தொடங்கும் கணத்திலிருந்து மறுகரையில் தரித்து நிற்கும்வரை அந்த நேரம் கணக்கிடப்படுவதால், ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும் வரிசையில் காத்திருப்பதும் அதற்குள் அடங்கும். ஆகாயத்தில் கழிவது ஒரு மணித்தியாலத்தை ஒட்டிய நேரமே. ஜெட் விமானம் உயரத்தில் மணிக்கு 800 கிலோமீற்றருக்கு மேல் பறக்கக் கூடியது என்றாலும், இத்தனை குறுகிய பயணத்தில் ஏறுவதும் இறங்குவதுமே பெரும்பகுதி நேரத்தை எடுத்துக்கொள்கின்றன.

ஆனால் எங்கள் பயணம் கட்டுநாயக்கவில் தொடங்குவதில்லை. மட்டக்களப்பிலிருந்து வாழைச்சேனை, பொலன்னறுவை, ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று நீளும் பாதையில் விமான நிலையத்தை அடைய ஏழு மணித்தியாலமளவு தேவை. புகையிரதத்தில் கொழும்புக்கு வந்து அங்கிருந்து திரும்புவதானால் இன்னும் கூடும். மூன்று மணித்தியாலம் முன்னதாக நிலையத்தில் நிற்க வேண்டும். சென்னையில் குடிவரவுச் சோதனை முடித்துப் பெட்டிகளை எடுத்து வெளியே வர மேலும் ஒரு மணித்தியாலம் ஆகலாம். ஒன்றரை மணித்தியாலப் பறப்பு, வீட்டு வாசலிலிருந்து எண்ணும்போது பன்னிரண்டு, பதின்மூன்று மணித்தியாலமாகி விடுகிறது.

வரைபடத்தைப் பார்த்தால் மனம் ஆறுவதில்லை. மட்டக்களப்பு, கட்டுநாயக்கவை விடச் சற்று வடக்கே இருப்பதால், இங்கிருந்து சென்னைக்கு நேர்கோட்டில் சுமார் 610 கிலோமீற்றர்தான். அதாவது, சென்னைக்கு நாங்கள்தான் கிட்ட இருக்கிறோம். இருந்தும் முதலில் தீவைக் குறுக்காகக் கடந்து மேற்குக் கரைக்குப் போகிறோம். எங்கள் விமான நிலையம் 2018இல் சிவில் பறப்புகளுக்குத் திறக்கப்பட்டு, இப்போது பெயரிலும் சர்வதேச விமான நிலையமாக இருக்கையில், சென்னைக்கு ஒரு நேரடிச் சேவை வேண்டும் என்று கேட்பது பேராசையல்ல என்பதே என் உறுதியான எண்ணம். 2019 நவம்பரில் யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னைக்கு, ஏடிஆர் 72 போன்ற சிறிய விமானத்தைக் கொண்டே சேவை தொடங்கப்பட்டது. அத்தகைய விமானம் மணிக்கு 500 கிலோமீற்றரளவில் பறக்கும் என்பதால், இங்கிருந்து புறப்பட்டாலும் ஒன்றரை மணித்தியாலத்தை ஒட்டிச் சென்னையை அடையலாம்.

பலாலி வழியாகப் போவது நல்லதா என்றும் கேட்கிறார்கள். அங்கிருந்து சென்னை ஏறத்தாழ 355 கிலோமீற்றர்தான். ஆயினும் மட்டக்களப்பிலிருந்து யாழ்ப்பாணம் போவதும் ஒரு நாள் பயணமே என்பதால், அங்கே தங்க உறவினர் வீடு உள்ளவர்களுக்கு மட்டுமே அதைப் பரிந்துரைப்பேன்.

நேர வித்தியாசத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். 2006இலிருந்து இலங்கையும் இந்தியாவும் ஒரே நேரத்தையே பின்பற்றுகின்றன.

நோயாளியுடன் போவோர் கொழும்பு நகருக்குள் நுழையாமல், குருநாகலிலிருந்து நாரம்மலை, கிரிஉல்ல, மினுவாங்கொடை வழியாக நேரே கட்டுநாயக்கவுக்குத் திரும்புவது நல்லது. இரவுப் பேருந்தில் உறங்காமல் வந்து விடியற்காலை விமானத்தில் ஏற்றுவதைக் காட்டிலும், முதல் நாளே புறப்பட்டு நீர்கொழும்பில் ஓர் இரவு தங்க வைத்தால், மறுநாள் வைத்தியசாலை வாசலில் அவர்கள் தளர்ந்து போக மாட்டார்கள்.