அரெஸ்ட் ஆனதை ஆபீசுக்கு எழுதிக் கொடுப்பது எப்படி: குற்றப்பத்திரிகைக்கு முந்தைய நாட்கள்

"அவருக்குக் காய்ச்சல்னு ரெண்டு நாள் லீவு சொல்லிடு." வீட்டில் ஒருவர் கைதானால் கம்பெனிக்குப் போகும் முதல் போன் பெரும்பாலும் இதுதான். வேலைக்கு உலை வைப்பதும் பெரும்பாலும் இந்த போன்தான். வழக்கு நாளைக்கே தள்ளுபடி ஆகலாம், விடுதலையும் ஆகலாம். ஆனால் பொய்க் காரணம் சொல்லி லீவு எடுத்தது, அதற்கு ஒரு மெடிக்கல் சர்டிஃபிகேட் வாங்கிக் கொடுத்தது இரண்டும் தனி ஒழுங்கீனம். கோர்ட் விடுதலை செய்தாலும் அந்தக் குற்றச்சாட்டு அப்படியே நிற்கும். அரசு ஊழியர் என்றால் போலீசே துறைக்குத் தகவல் அனுப்பிவிடுவார்கள். ஆம்பூர், ராணிப்பேட்டைத் தொழிற்சாலைகளில் மறுநாள் பேப்பரில் பெயர் வராவிட்டாலும் அடுத்த ஷிஃப்டுக்குள் பஸ்ஸிலேயே செய்தி பரவிவிடும்.

எது கைது, எது இல்லை என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். புகார் மனுவுக்கு ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். ரசீது (புகார் வந்ததைப் பதிந்து தரும் ரசீது) மட்டும் போட்டிருந்தால் வழக்கே இல்லை. பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்ற நடைமுறைச் சட்டம்) 35(3) பிரிவில் நேரில் ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் வந்தால் வழக்கு இருக்கிறது, கைது இல்லை. ஸ்டேஷன் பெயிலில் (கோர்ட்டுக்குப் போகாமல் போலீசே தரும் ஜாமீனில்) அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிட்டாலும் அது கைதுதான். இதை நம்பாதவர்கள் நிறைய. "ஜெயிலுக்கே போகலையே" என்று சொல்லிவிட்டுப் பிறகு ஏதாவது படிவத்தில் "எப்போதாவது கைது செய்யப்பட்டீர்களா?" என்ற கட்டத்தில் "இல்லை" என்று எழுதி மாட்டிக்கொள்கிறார்கள். படிவத்தில் கைது, நிலுவை வழக்கு, தண்டனை என்று மூன்று கேள்வி தனித்தனியாக இருக்கும். கேட்டதற்கு மட்டும், கேட்டபடி பதில் எழுத வேண்டும்.

சொல்லியே ஆக வேண்டுமா என்பது வேலையைப் பொறுத்தது. மத்திய அரசு ஊழியர், தான் கைதானதையும் அதன் சூழ்நிலையையும் உடனே மேலதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். ஜாமீனில் வந்துவிட்டாலும் இது பொருந்தும். 1955-ஆம் ஆண்டு உள்துறை உத்தரவே இருக்கிறது. சொல்லாமல் இருந்தால் அதற்கே ஒழுங்கு நடவடிக்கை. 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தால் சஸ்பென்ஷன் தானாக வந்ததாகவே கருதப்படும். மத்திய அரசு ஊழியருக்கு 1965-ஆம் ஆண்டு ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் (CCS (CCA) Rules) 10(2), மாநில அரசு ஊழியருக்கு ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகளில் 17(e)(2) இதைச் சொல்கின்றன. காட்பாடி, ஜோலார்பேட்டை ரயில்வே ஊழியர்களுக்கும் அவர்கள் விதியில் இதே 48 மணி நேரம்தான். இந்தக் கணக்கு ஓடத் தொடங்குவது காவலில் வைத்த நேரத்திலிருந்து. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கைது, சனிக்கிழமை ரிமாண்ட் (மாஜிஸ்திரேட் காவலில் வைக்க உத்தரவிடுவது), ஞாயிறு கழிந்து திங்கட்கிழமைதான் ஜாமீன் மனு என்றால், அந்த மனுவுக்குக் கோர்ட்டில் எண் கிடைப்பதற்குள்ளேயே 48 மணி நேரம் தாண்டிவிடும். கைது மெமோவில் எழுதியிருக்கும் நேரத்தைப் பத்திரமாகக் குறித்து வையுங்கள்.

தனியார் கம்பெனியில் பொதுவான சட்டக் கட்டாயம் எதுவும் கிடையாது. அப்பாயின்ட்மென்ட் ஆர்டரையும் நிலையாணையையும் (கம்பெனியின் ஸ்டாண்டிங் ஆர்டர்ஸ்) எடுத்துப் படியுங்கள். "குற்ற வழக்கு எதுவானாலும் நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும்" என்ற ஒரு வரி பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கலாம். அது இல்லாவிட்டாலும், காவலில் இருக்கும் நாட்களுக்கு லீவு கேட்டாக வேண்டும். இல்லையென்றால் சொல்லாமல் வேலைக்கு வராதவர் கணக்கில் போய்விடும்.

இனி கடிதம். ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. எஃப்.ஐ.ஆர். நகல் கையில் இருந்தால்தான் சரியாக எழுத முடியும். தமிழ்நாடு போலீஸ் இணையதளத்தில் எடுத்துக்கொள்ளலாம். பாலியல் குற்றம் போன்ற வழக்குகளில் அங்கே இருக்காது. கோர்ட்டில் நகல் மனு போட வேண்டும். வாசகம் இப்படி இருந்தால் போதும்:

"ஐயா, நான் … பிரிவில் … ஆகப் பணிபுரிகிறேன். … காவல் நிலையக் குற்ற எண் …-இல், … பிரிவுகளின் கீழ் … தேதி … மணிக்குக் கைது செய்யப்பட்டு, … தேதியில் ஜாமீனில் விடுவிக்கப்பட்டேன். வழக்கு புலன் விசாரணையில் உள்ளது. குற்றப்பத்திரிகை தாக்கலாகவில்லை. என் மீதான குற்றச்சாட்டை மறுக்கிறேன். வழக்கின் அடுத்த நிலையை அவ்வப்போது எழுத்து மூலம் தெரிவிப்பேன். பணிக்கு வர இயலாத … முதல் … வரையான நாட்களை விடுப்பாகக் கருத வேண்டுகிறேன்."

இதற்கு மேல் ஒரு வரி கூட வேண்டாம். நல்ல பெயர் வாங்குவதாக நினைத்து, "பக்கத்து வீட்டுக்காரர் கெட்ட வார்த்தையில் திட்டியதால் கோபத்தில் ஒரு தள்ளு தள்ளிவிட்டேன்" என்று எழுதிக் கொடுப்பவர்கள் உண்டு. போலீசிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. மேனேஜருக்குக் கைப்பட எழுதிக் கொடுத்த கடிதத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. புலன் விசாரணை அதிகாரி நோட்டீஸ் கொடுத்தால் ஹெச்.ஆர். அந்தக் காகிதத்தை எடுத்துக் கொடுத்துவிடுவார். புகார் கொடுத்தவரைத் திட்டியும் எழுதாதீர்கள். ஒரே இடத்தில் வேலை பார்ப்பவர் என்றால் அதுவே சாட்சியை மிரட்டினதாகத் திரும்பி, ஜாமீனுக்கு வேட்டு வைக்கும்.

ஆள் வேலூர் தொரப்பாடி ஜெயிலில் இருந்தால் மனைவியோ அண்ணனோ அவர் சார்பில் எழுதலாம். கைதானார், காவலில் இருக்கிறார், விடுப்பு வேண்டும் என்ற மூன்று விஷயம் போதும். இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றைக் கொடுத்து மற்றதில் இன்வர்ட் சீலும் (கடிதம் வந்து சேர்ந்ததற்கான முத்திரை) தேதியும் வாங்குங்கள். செக்யூரிட்டி கேட்டிலேயே மடக்கினால் ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட். மெயிலும் அனுப்புங்கள், சொந்த மெயிலில் இருந்து. கம்பெனி மெயில் சஸ்பென்ஷன் அன்றைக்கே பூட்டப்படும். அனுப்பியதற்கு ஆதாரமும் அதோடு போகும். சூப்பர்வைசருக்குப் போட்ட வாட்ஸ்அப் கடிதம் ஆகாது.

ஹெச்.ஆர். கூப்பிட்டு "உட்காருப்பா, என்ன நடந்தது சொல்லு" என்று தன்மையாகக் கேட்பார். "வழக்கு விசாரணையில் இருக்குங்க சார், வக்கீலைக் கேட்டு எழுத்துல தர்றேன்" என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். விளக்கம் கேட்டு மெமோ கொடுத்தால் மட்டும் சும்மா இருக்கக் கூடாது. கெடு தேதிக்குள் பதில் போயாக வேண்டும். அதே சம்பவத்தைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார்கள் என்றால், இப்போது விளக்கம் சொல்வது வழக்கில் தன் தரப்பைப் பாதிக்கும், அதுவரை துறை விசாரணையை நிறுத்தி வைக்க வேண்டும் என்று கேட்கலாம். 1999-இல் பாரத் கோல்டு மைன்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை வக்கீல் மேற்கோள் காட்டுவார். எல்லா வழக்கிலும் இது கிடைக்காது: குற்றச்சாட்டு கனமானதாகவும், சட்டமும் சங்கதியும் சிக்கலானதாகவும் இருக்க வேண்டும்.

"நீயே ரிசைன் பண்ணிடு, பேர் கெடாது" என்பார்கள். அன்றைக்கே எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம், வெள்ளைத்தாளில் நிச்சயமாக வேண்டாம். ராஜினாமா கொடுத்தால் பிழைப்பூதியம் (சஸ்பென்ஷன் காலத்தில் தரும் பணம்) இல்லை. சஸ்பென்ஷனில் இருந்தால் 1981-ஆம் ஆண்டு தமிழ்நாட்டுச் சட்டப்படி முதல் 90 நாள் பாதிச் சம்பளம், அடுத்த 90 நாள் முக்கால், அதற்கு மேல் முழுசு. அரசு ஊழியருக்குக் கணக்கு வேறு. வேறு எங்கும் வேலை பார்க்கவில்லை என்ற சான்றை எழுதிக் கொடுத்தால்தான் அவர்களுக்குப் பணம் வரும். வெளியூர் போக வேண்டுமென்றால் அனுமதி வாங்க வேண்டும்.

ஜாமீன் நிபந்தனைதான் பலருக்குப் புது வில்லங்கம். தினமும் காலை 10.30-க்கு ஸ்டேஷனில் கையெழுத்து என்று உத்தரவு வந்தால் காலை ஷிஃப்ட் பார்க்க முடியாது. உத்தரவு நகலை இணைத்து ஷிஃப்ட் மாற்றித் தரக் கேளுங்கள். அதே சமயம் கோர்ட்டில் தளர்வு மனுவும் போடலாம்; வேலை போகும் நிலை இருக்கிறது என்று கம்பெனி கொடுத்த கடிதம் அந்த மனுவுக்கு நல்ல ஆதாரம்.

புலன் விசாரணை முடிந்து, தவறான சங்கதி (மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட்) என்று போலீஸ் வழக்கைக் கைவிட்டாலும் அந்தச் செய்தி தானாகக் கம்பெனிக்குப் போய்ச் சேராது. கோர்ட்டில் சான்றிட்ட நகல் வாங்கி, சஸ்பென்ஷனை ரத்து செய்யவும் அந்த நாட்களைப் பணிக்காலமாக வரன்முறை செய்யவும் ஒரே மனுவில் கேட்டு, அதற்கும் இன்வர்ட் சீல் வாங்குங்கள்.