கொரிய வீட்டில் கேட்ட 'அப்பா'

2017 செப்டம்பர். கனடாவுக்கு வந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் ஒரு முக்குக் கடையில் மாலை நேர வேலை. சிகரெட் வாங்க வந்த ஓர் இளைஞன், மீதிச் சில்லறையை நான் நீட்டியதும், குரலை இழுத்து, தலையை இருபுறமும் ஆட்டி, "தேங்க் யூ, கம் எகெய்ன்" என்றான். கூட வந்த இருவரும் சிரித்தார்கள். கடைக்காரன் சொல்ல வேண்டியதை வாங்க வந்தவன் சொல்கிறானே என்று நானும் சிரித்தேன். அன்றிரவு அறை நண்பன் விளக்கிய பிறகு தூக்கம் வரவில்லை.

'தி சிம்ப்சன்ஸ்' என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடரில் அப்பு என்றோர் இந்தியக் கடைக்காரர். அந்த வாசகம் அவருடையது. அவருக்குக் குரல் கொடுத்தவர் ஹாங்க் அசேரியா என்ற வெள்ளை அமெரிக்க நடிகர். அப்பு முதலில் திரையில் வந்தது 1990இல். நான் பிறந்தது 1991இல். நான் பிறப்பதற்கு முன்பே எனக்கென்று ஒரு குரலைச் செய்து வைத்துவிட்டிருந்தார்கள். அதை நான் பேசிக் காட்டாதபோது அவர்களே பேசிக் காட்டினார்கள்.

என்னை வருத்தியது கேலி மட்டுமல்ல. என் அப்பா மன்னார்குடியில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். கடை முன்னால், வீடு பின்னால். கூரையிலிருந்து தொங்கும் நூல்கண்டை இழுத்து, தினத்தந்தித் தாளில் துவரம் பருப்பைப் பொட்டலம் கட்டி, முடிச்சுப் போட்டு, நூலை விரலாலேயே அறுப்பார். அந்த ஒரு வெட்டு எனக்கு இன்றுவரை கைவரவில்லை. யார் வீட்டில் விசேஷம், யார் வீட்டில் துக்கம் என்பது கேட்கிற சாமானிலேயே அவருக்குத் தெரிந்துவிடும். கடைக்காரர் என்றால் எங்கள் தெருவில் மரியாதைக்குரியவர். அதே தொழில் இங்கே ஒரு தலையாட்டலாகச் சுருங்கிப் போயிருந்ததை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை விடுப்பு. நாங்கள் குடியிருந்தது ஒரு வீட்டின் பேஸ்மென்டில். வீட்டுக்கார அக்கா யாழ்ப்பாணத்து நெல்லியடிக்காரர். மரவள்ளிக்கிழங்குக் கறி கொடுத்தனுப்பியிருந்தார். பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க மாடிப்படி ஏறுகிறேன், கூடத்திலிருந்து ஒரு பெண் குரல்: "அப்பா!" கோபமும் செல்லமும் கலந்த அழைப்பு. அக்காவின் மகள்தான் என்று நினைத்தேன். கூடத்தில் யாரும் இல்லை. தொலைக்காட்சி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் ஒரு கொரியக் குடும்பம்.

கனடாவின் பொதுத் தொலைக்காட்சியான சிபிசியில் ஒளிபரப்பான 'கிம்ஸ் கன்வீனியன்ஸ்' அது. இன்ஸ் சோய் எழுதி, 2011இல் டொராண்டோ ஃபிரிஞ்ச் விழாவில் அரங்கேறிய நாடகத்திலிருந்து பிறந்த தொடர். டொராண்டோவில் கொரியத் தம்பதி நடத்தும் முக்குக் கடை. கீழே கடை, மேலே வீடு. பிள்ளைகள் தகப்பனை அப்பா என்கிறார்கள், தாயை உம்மா என்கிறார்கள். அதிராம்பட்டினத்துச் சிநேகிதன் வீட்டிலும் தாயை உம்மா என்றுதான் அழைப்பார்கள். பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே முழுவதையும் பார்த்தேன். அக்கா சமையலறையிலிருந்து வந்து, "இருந்து பாரும் தம்பி" என்றார். உட்காரத் தோன்றவில்லை.

கடைக்கார அப்பா கிம்மின் ஆங்கிலத்திலும் கொரிய வாடை உண்டு. நடித்த பால் சன் ஹ்யூங் லீ கைக்குழந்தையாக கனடா வந்தவர். அந்த உச்சரிப்பு பாத்திரத்துக்காக அவர் வரவழைத்துக்கொண்டது. அப்படியானால் அப்புவுக்கும் இவருக்கும் என்ன வேறுபாடு? பல நாள் யோசித்திருக்கிறேன். அப்புவின் உச்சரிப்பே நகைச்சுவை. கிம்முக்கோ உச்சரிப்பு அவர் பேசும் விதம், அவ்வளவுதான். சிரிப்பு வருவது அவருடைய பிடிவாதத்திலிருந்து. வீட்டை விட்டுப் போன மகன் ஜங் மீது அவருக்கு ஆறாத கோபம். அவன் பெயர் வந்தால் முகம் மாறும். உம்மா அவருக்குத் தெரியாமல் மகனைப் பார்த்து வருவாள். இந்த ஓர் இழையில் எங்கள் பழைய தஞ்சாவூர் ஜில்லாவின் பாதி வீடுகள் இருக்கின்றன. கல்லாவுக்குப் பின்னால் நிற்பவருக்கும் வீடு உண்டு, அங்கே சண்டை உண்டு, சமாதானம் ஆகாத பிள்ளை உண்டு என்று காட்டியதற்காகவே அந்தத் தொடரை நேசித்தேன்.

அதனால்தான் அது முடிந்த விதம் அத்தனை வலித்தது. ஆறாவது பருவமும் உண்டு என்று அறிவித்திருந்தவர்கள், ஐந்தோடு 2021 ஏப்ரலில் நிறுத்திவிட்டார்கள். அதன் பிறகு ஜங்காக நடித்த சிமு லியூவும் உம்மாவாக நடித்த ஜீன் யூனும் வெளிப்படையாகப் பேசினார்கள்: தயாரிப்பாளர்களில் பெரும்பாலோர் வெள்ளையர், எழுதும் அறையில் ஆசியப் பெண்களின் குரல் இல்லை. முகங்கள் நம்முடையவையாக இருந்தும் பேனா வேறு கையில். தொடரின் தொடர்ச்சியாக அவர்கள் எடுத்தது யாரைப் பற்றித் தெரியுமா? அதிலிருந்த வெள்ளைக்காரப் பாத்திரம் ஷானனைப் பற்றி. எனக்கு இன்னும் ஆறவில்லை.

நல்லதும் நடந்தது. 2020 ஜனவரியில் அசேரியா அப்புவுக்குக் குரல் கொடுப்பதை நிறுத்திக்கொள்வதாகச் சொன்னார். அதே ஆண்டு, சுமார் 15,000 பேர் போட்டியிட்ட ஒரு நெட்ஃபிளிக்ஸ் தொடரின் நாயகி வேடத்தில், பக்கத்து மிசிசாகாவில் வளர்ந்த ஈழத்தமிழ்ப் பெண் மைத்ரேயி ராமகிருஷ்ணன் வந்தார். நெல்லியடி அக்கா தன் சொந்தப் பிள்ளையைப் போல அந்தப் பெயரைச் சொல்வார்.

எனக்கும் இந்த ஊர் பழகிவிட்டது. பனியில் வழுக்காமல் நடக்கிறேன். நான்கு லிட்டர் பாலை மூன்று பைகளாகத் தருகிறார்களே, அதை ஜாடியில் வைத்து மூலையை வெட்டி ஊற்றுவதும் இயல்பாகிவிட்டது. ஆனால் வெட்டும்போதெல்லாம் விடியற்காலை ஆவின் பாக்கெட்டைக் கடைத் திண்ணையில் எண்ணி அடுக்கும் அப்பாவின் முதுகு கண்முன் வந்து நிற்கிறது. கத்தரிக்கோலோடு சற்று நேரம் நின்றுவிடுகிறேன்.

கிம்மைப் பற்றி அப்பாவிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் சொன்னேன். கொரியாக்காரர், நம் மாதிரியே கடை, பிள்ளைகள் அவரையும் அப்பா என்றுதான் கூப்பிடுகிறார்கள் என்றேன். அப்பா கவனமாகக் கேட்டுக்கொண்டார். முதல் கதையிலேயே ஒருவருக்குப் பதினைந்து சதவீதம் தள்ளுபடி கொடுத்தார் என்றதும் சற்று யோசித்தார்.

"தள்ளுபடி கிடக்கட்டும். கடன் கொடுப்பாரா?"

"அது இங்கே வழக்கமில்லை அப்பா."

"அப்புறம் தெருவில் இருக்கிறவர்களை அவருக்கு எப்படித் தெரியும்?" என்றார். பின்னால் யாரோ கால் கிலோ வெல்லம் கேட்கும் சத்தம் கேட்டது. கணக்கில் எழுதிக்கொள்வதாக அவர்களிடம் சொல்லிவிட்டுத் திரும்ப வந்தார்.