ஒன்றரைக் கட்டை

நம் பள்ளிப் பாட்டு சார் போய்விட்டார் என்று பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தபோது டொராண்டோவில் நடுராத்திரி. குன்னூரில் காலை பத்தரை. இரண்டாவது பீரியட் முடிகிற நேரம்.

உங்களில் பலருக்கு அவர் வாரம் ஒரு பீரியட் வந்துபோனவர். எனக்கு அப்படி இல்லை. அதை அவரிடம் சொல்லாமலே விட்டுவிட்டதால் இங்கே எழுதுகிறேன்.

1987-ல் ஏழாம் வகுப்புக்கு, சேரம்பாடியிலிருந்து தகரப் பெட்டியோடு விடுதிக்கு வந்தேன். அப்பா டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளி. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த நம் ஜனங்களுக்கு வேலை கொடுக்கத்தான் அந்தத் தேயிலைத் தோட்டங்களை 1968-ல் அரசு தொடங்கியது. அப்பா பதுளையில் பிறந்தவர், அவர் பேச்சு அப்படியே என் வாயிலும் இருந்தது. முதல் வாரமே வெந்நீர் வரிசையில் நான் ஏதோ சொல்ல, அன்றிலிருந்து என் பெயர் சிலோன். அந்தப் பெயரை வைத்தவரும் இதைப் படிப்பார், அவருக்கும் அப்போது பன்னிரண்டு வயதுதான், எனக்கு வருத்தமில்லை. ஆனால் நான் பேசுவதை நிறுத்திவிட்டேன். கேட்டால் தலையாட்டுவேன். சோறு இறங்காது, தூக்கம் வராது, காலை பெல்லுக்கு ரொம்ப முன்னாலேயே விழித்துக்கொண்டு கூரைத் தகரத்தில் பனி சொட்டுவதைக் கேட்டபடி கிடப்பேன். ரேங்க் கார்டில் ‘அடக்கமானவன்’ என்று எழுதினார்கள்.

சார் மட்டும்தான் வேறு மாதிரி பார்த்தார். ஒரு நாள் சாயந்திரம் கூப்பிட்டு, “பாட வேண்டாம், பேசவும் வேண்டாம், எனக்குச் சுருதி போட ஆள் இல்லை, நீ போடு” என்று சுருதிப் பெட்டியை என் மடியில் வைத்தார். துருத்தியை அவசரமாக ஆட்டினால் சுருதி நடுங்கும், விட்டுவிட்டால் இறந்துவிடும். சீராகப் போக வேண்டும். மற்றவர்கள் மாயாமாளவகௌளையில் சரளி வரிசை பாட, நான் தினமும் அரை மணி நேரம் அதை மட்டும் செய்தேன். மூன்றாவது வாரம் வாக்கில் என் மூச்சும் துருத்தியின் கணக்கிலேயே போவது தெரிந்தது. அன்று இரவு நன்றாகத் தூங்கினேன். நீளமாக மூச்சை விடும்போது இதயத் துடிப்பு தணிகிறது என்பதும், சேர்ந்து பாடுகிறவர்களின் துடிப்பு ஒன்றாக ஏறி இறங்குவதை ஸ்வீடனில் பதினெட்டு வயதுப் பிள்ளைகளிடம் அளந்து 2013-ல் வெளியிட்டார்கள் என்பதும் பின்னால் படித்தது. சார் சொன்னதெல்லாம், “மெதுவாடா, ராகம் எங்கேயும் ஓடிப்போகாது” என்பதுதான். ஒரு நாள் வாயை மூடியபடியே ‘ம்’ என்று நானும் சேர்ந்துகொண்டேன். அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் நிறுத்தியிருப்பேன், அது அவருக்குத் தெரியும்.

அப்புறம் 1989 ஆண்டு விழா. தனியாகப் பாட என்னை நிறுத்தினார். ஐந்து கட்டையில் (கட்டை என்றால் சுருதியின் உயரம்) ஆரம்பித்து இரண்டாவது வரியில் குரல் உடைந்தது, மறுபடி எடுத்தேன், மறுபடி உடைந்தது. மண்டபமே சிரித்தது. மேடைக்குப் பின்னால் ஓடியவன் ராத்திரிச் சாப்பாட்டுக்கும் வரவில்லை.

மறுநாள் சார் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. பெட்டியைத் திறந்து சுருதியை இறக்கிக்கொண்டே போனார். நாலு, மூன்று, இரண்டு. ஒன்றரைக் கட்டையில் நிறுத்தி, “குரல் கெட்டுப்போகலடா, கட்டை மாறியிருக்கு. உங்க அப்பா எந்தக் குரல்ல பேசுவாரோ அங்கே ஆரம்பி” என்றார். இரண்டு வருஷமாக நான் மறைத்துவைத்திருந்த குரல் அது. பாடினேன். அழுகை வந்தது, அதோடு பாடினேன். “நம்ம மலைப் பழங்குடி கோத்தர்களைப் பாரு, சாமிக்குத் தனி மெட்டு, சாவுக்குத் தனி மெட்டு. துக்கத்துக்கும் ஒரு மெட்டு வேணும்ல?” என்றார்.

பத்தாம் வகுப்பில் பாட்டு பீரியடை எடுத்துக் கணக்குக்குக் கொடுத்தார்கள். பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு எது அதிகம் தேவையோ அதை எடுத்துவிட்டார்கள், இன்றும் எனக்கு அது கோபம்தான். சார் மதிய இடைவேளையில், டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு வகுப்பு எடுத்தார். நான் போகவில்லை. மார்க் வேண்டும், கோவை போக வேண்டும், அங்கிருந்து இன்னும் தூரம் போக வேண்டும்.

தூரம் வந்துவிட்டேன். 2021-ல், பதினான்கு வயதில், என் மகள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். மருத்துவரிடம் போனோம், பள்ளியில் ஆலோசகர் இருந்தார், அவர்கள் இல்லாமல் அவள் மீண்டிருக்க மாட்டாள். பாட்டு இருந்தால் டாக்டர் தேவையில்லை என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். ஊரில் இருப்பவர்கள் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள், தமிழிலேயே பேசலாம். ஆனால் சிகிச்சையில் ஒரு மணி நேரம் போக மிச்ச வாரத்தை நிரப்பியது அவள் பள்ளியின் சேர்ந்திசைக் குழு. ஒன்டாரியோவில் உயர்நிலைப் பள்ளியை முடிக்கக் கலைப் பாடம் ஒன்றாவது படித்தாக வேண்டும், பரீட்சை வருகிறதென்று அதைப் பிடுங்க முடியாது. முதல் நாள் அவள் பாடவில்லையாம். குறிப்புத் தாள்களை அடுக்கிக் கொடுத்தாளாம். கேட்டதும் எனக்குச் சாரின் பெட்டி ஞாபகம் வந்தது.

2011-ல் அம்மா காரியம் முடிந்து மேட்டுப்பாளையத்துக்குப் பஸ்ஸில் இறங்கும்போது நம் பள்ளி வளைவில் பாட்டு அறை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இறங்கினால் நீலகிரி எக்ஸ்பிரஸ் போய்விடும். இறங்கவில்லை.

நம் பழைய மாணவர் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். அந்த அறையில் இப்போது பழைய பெஞ்சுகளைப் போட்டு வைத்திருக்கிறார்களாம், பாட்டுக்கு ஆசிரியர் இல்லையாம். இந்த வருஷ நிதியில் கம்ப்யூட்டர் வாங்குவதற்குப் பதில் ஒரு பாட்டு ஆசிரியருக்குச் சம்பளம் கொடுப்போம், பத்தாம் வகுப்புக்கும் சேர்த்து. சாரின் சுருதிப் பெட்டி அலமாரியில் இருக்கிறது, துருத்தி கிழிந்திருக்கிறதாம். கோவைக்குக் கொண்டுபோய்த்தான் சரிசெய்ய வேண்டும் என்றார்கள். அந்தச் செலவு என்னுடையது.